ஒரு ஸ்பூன் மீன் சாஸ்: தாய்லாந்து உணவகத்தில் நாங்கள் ஏமாந்த இரவு

தங்கை பாங்காக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. "ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து போய்ச் சாப்பிடணும் அண்ணா" என்று அவள் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. அம்மாவின் பிறந்தநாளும் வந்தது. அன்றைக்கு இரவே போவது என்று முடிவு செய்தோம். அம்மா, நான், மனைவி, மகள், தங்கை என்று ஐந்து பேர்.

அம்மா சுத்த சைவம். முட்டைகூடத் தொடமாட்டார். அதனால் இரண்டு நாள் முன்பே உணவகத்துக்கு போன் செய்து, "சைவம் கிடைக்குமா?" என்று கேட்டேன். "நிறைய இருக்கு சார், மெனுவில் அதுக்குத் தனிப் பக்கமே இருக்கு" என்றார்கள். நிம்மதியாக மேசையைப் பதிவு செய்துவிட்டேன். நான் கேட்ட கேள்வியே தவறு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தாய்லாந்துச் சமையலைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதும் "ஆமாம்" என்றுதான் வரும். அந்த "ஆமாம்" எதற்கும் உத்தரவாதம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

இடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மர மேசைகள், ஆர்க்கிட் பூக்கள், மஞ்சள் விளக்கு. மெனுவைக் கையில் வாங்கிய தங்கை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். முடியவே இல்லை. தாய்லாந்து உணவு ஆறு பக்கம், அதற்குப் பிறகு சீன நூடுல்ஸ், ஜப்பானிய சுஷி, கடைசியில் பாஸ்தா. அவள் முகம் அங்கேயே கொஞ்சம் மாறியது. "இத்தனையையும் ஒரே கிச்சன் எப்படிச் செய்யும்?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறந்தநாள் அன்று எழுந்து வேறு இடம் தேட யாருக்கும் மனமில்லை. ஆர்டர் கொடுத்தோம்.

ஆர்டர் கொடுக்கும் விதத்தை மட்டும் அவளிடம் இருந்து அன்றைக்கே கற்றுக்கொண்டேன். ஆளுக்கு ஒரு தட்டு என்று சொல்லக்கூடாது. புளிப்பாக ஒரு சூப், தேங்காய்ப்பால் ஊற்றியது ஒரு குழம்பு, ஈரமில்லாமல் வதக்கியது ஒன்று, இடித்துச் செய்கிற சாலட் ஒன்று. எல்லாவற்றையும் நடுவில் வைத்து, சோற்றோடு எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். தாய்லாந்து மொழியில் இவற்றுக்குப் பொதுப் பெயர் 'கப் காவ்'. சோற்றுக்குத் துணை என்று பொருள். சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் நான்கும் ஒரே மேசையில் இருந்தால் ஒன்றின் தூக்கலை இன்னொன்று அடக்கும். சிவப்புக் குழம்பு, பச்சைக் குழம்பு, மஞ்சள் குழம்பு என்று மூன்றும் தேங்காய்ப்பாலாகவே சொல்லிவிட்டு, பாதியில் திகட்டிப் போய் உட்கார்ந்திருப்பவர்களை அவள் பாங்காக்கிலேயே நிறையப் பார்த்திருக்கிறாளாம்.

கையில் எப்போதும் கரண்டியும் முள்கரண்டியும்தான். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி, முள்கரண்டியால் கரண்டிக்குத் தள்ளிவிட்டுச் சாப்பிட வேண்டும். எங்களுக்கு மேசையில் சாப்ஸ்டிக் வைத்திருந்தார்கள். தாய்லாந்தில் அது நூடுல்ஸ் சூப் மாதிரி சிலவற்றுக்குத்தான், சோற்றுக்கு இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் சமையல் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை அதுவே காட்டிவிட்டது.

முதலில் வந்தது டாம் யம் குங், இறால் போட்ட புளிப்புச் சூப். 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் இடம்பிடித்த உணவு இது. எலுமிச்சைப்புல், பேரரத்தை, மக்ருட் எலுமிச்சை இலை மூன்றும் கொதிக்கும்போது வருகிற வாசனைதான் இதன் உயிர். கிண்ணம் மேசைக்கு வந்ததும் தங்கை குனிந்து முகர்ந்தாள். நானும் முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. "எலுமிச்சைச் சாற்றைப் போட்டுக் கொதிக்க விட்டிருக்காங்க" என்றாள். அடுப்பை அணைத்த பிறகுதான் சாற்றைப் பிழிய வேண்டும். கொதித்தால் அந்தப் பளிச்சென்ற புளிப்பு போய்விடும். தெளிவான தண்ணீராக ஒரு வகை, பாலும் வறுத்த மிளகாய் விழுதும் சேர்த்துக் கெட்டியாக ஒரு வகை, இரண்டுமே அங்கே உண்டு. அதனால் நிறத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. மூக்கு சொல்லும். கிண்ணம் வந்து அரை நிமிடத்தில் எலுமிச்சைப்புல் வாசனை எழவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முதல் உணவு வரும்போதுதான் சொல்ல முடியும். அடுத்த உணவுகளை அவர்கள் இன்னும் செய்திருக்க மாட்டார்கள், "சர்க்கரையைக் குறைங்க, காரம் சரியாப் போடுங்க" என்றால் திருத்த வாய்ப்பு உண்டு. நான் "சரி, பிறந்தநாள், எதற்கு வம்பு" என்று சும்மா இருந்துவிட்டேன். சூப் காலியாகி இருபது நிமிடம் வெறும் மேசை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சோறு கடைசியில் வந்தது. சோற்றோடு சாப்பிட வேண்டிய எல்லாமே அதற்குள் ஆறியிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவாருங்கள், சோற்றை முதலிலேயே வையுங்கள் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சில இடங்களில் சூப், ஸ்டார்ட்டர், மெயின் என்று பிரித்துத்தான் பரிமாறுகிறார்கள்.

பச்சைக் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்திருந்தேன்.

தாய்லாந்து மொழியில் அதற்கு 'கேங் கியோ வான்' என்று பெயர். 'வான்' என்றால் இனிப்பு, 'கியோ' என்றால் பச்சை. பெயரைப் பார்த்து அது இனிப்புக் குழம்பு என்று நினைக்கிறார்கள். பெயரில் உள்ள இனிப்பு நிறத்தைச் சொல்வது, கண்ணுக்கு இதமான இளம்பச்சை. குழம்பு நன்றாகவே காரமாக இருக்கும். பச்சை நிறம் பச்சை மிளகாயிலிருந்து வருவது, வேறு எப்படி இருக்கும்?

எங்களுக்கு வந்த கிண்ணத்தில் வெளிறிய வெள்ளைத் தண்ணீரில் கேரட், புரோக்கோலி, குடைமிளகாய், பேபி கார்ன் மிதந்தன. மேலே எண்ணெய்த் துளி ஒன்றுகூட இல்லை. தங்கை கரண்டியால் ஒரு தடவை கிளறிக் காட்டினாள். "அண்ணா, எண்ணெய் எங்கே பாருங்க." எனக்கு எண்ணெய் இல்லாதது நல்லதுதானே என்று தோன்றியது. அவள் விளக்கிய பிறகுதான் புரிந்தது. கெட்டியான முதல் பாலை வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து வரும்வரை காய்ச்ச வேண்டும். அந்த எண்ணெயில்தான் அரைத்த விழுதை வதக்குவார்கள். விழுதில் உள்ள வாசனைப் பொருட்கள் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. நன்றாகச் செய்த குழம்பின் மேல் பச்சையாகச் சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள் மிதக்கும். கொதிக்கிற தேங்காய்ப்பாலில் விழுதை அப்படியே கரைத்துவிட்டால் வருவது எங்கள் முன்னால் இருந்த அந்த வெள்ளைத் தண்ணீர். பச்சை விழுதின் வாடை வேறு அடிக்கும்.

காய்களும் அப்படித்தான். உண்மையில் அதில் போடுவது கோலிக்குண்டு அளவுப் பச்சைக் கத்தரிக்காயும் சுண்டைக்காயும். ஆமாம், சுண்டைக்காயேதான். தாய்லாந்தில் 'மகுவா புவாங்' என்று சொல்வது அதே செடியின் காய். அந்த லேசான கசப்பு தேங்காய்ப்பாலின் திகட்டலை வெட்டுவதற்காகவே இருக்கிறது. கேரட்டும் பேபி கார்னும் இனிப்பான காய்கள். ஏற்கெனவே இனிப்பான பாலில் மேலும் இனிப்பு.

கப்ராவ் பற்றி நீட்டப் போவதில்லை. துளசி இலையும் மிளகாயும் போட்டுக் கோழியை வதக்குவது அது. அங்கே மூன்று வகைத் துளசி இனங்களைத் தனித்தனியாகப் பயன்படுத்துகிறார்கள். கப்ராவ் என்பது நமக்குத் தெரிந்த துளசியின் இனம், குழம்பில் போடுவது ஹோரபா என்கிற சோம்பு வாசனை இலை, மூன்றாவது எலுமிச்சை வாசனையுள்ள மெங்லக். எங்களுக்கு வந்ததில் இருந்தது ஹோரபா, அதுவும் நான்கே இலை. "கப்ராவ் இலைதான் போடுவீங்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பரிமாறுபவருக்குக் கேள்வி புரிந்தாலே அது நல்ல அறிகுறி.

இப்போது பட் தாய் நூடுல்ஸ். அம்மாவுக்கென்று முட்டை இல்லாமல், இறால் இல்லாமல், சைவப் பக்கத்திலிருந்து தனியாகச் சொன்னது. செக்கச்செவேல் என்று வந்தது. பட் தாய்க்கு நிறம் கொடுக்க வேண்டியது புளியும் பனைச் சர்க்கரையும். இது தக்காளி கெட்சப்பின் சிவப்பு. பட் தாய் நாடு முழுக்கப் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. சியாம் என்ற பெயரை 1939-இல் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சோங்கிராம் அரசு, தேசிய அடையாளத்தை வளர்க்கும் முயற்சியில் இந்த நூடுல்ஸையும் மக்களிடம் கொண்டுபோனது. தங்கை இந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே, அம்மாவின் தட்டிலிருந்து இரண்டு இழை நூடுல்ஸை எடுத்து வாயில் போட்டாள்.

பேச்சு பாதியில் நின்றது. அவள் மெல்லுவதும் நின்றது.

"அம்மா, கொஞ்சம் இரு, சாப்பிடாதே."

அம்மா அதற்குள் பாதித் தட்டு சாப்பிட்டிருந்தார். தங்கை பரிமாறிய பையனைக் கூப்பிட்டாள். "தம்பி, இதில் மீன் சாஸ் இருக்கா?"

"மீன் எதுவும் இல்லை மேடம். இது வெஜ்."

"மீன் துண்டு இல்லைன்னு தெரியுது. சாஸ் கேட்கிறேன். மீனைப் புளிக்கவைத்து எடுப்பாங்களே, 'நாம் பிளா'ன்னு, அது."

அவன் உள்ளே போனான். போய் வர நேரமானது. திரும்பி வந்தவன் எங்களில் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "ஒரு ஸ்பூன்தான் மேடம். டேஸ்ட்டுக்கு. எல்லாத்திலயும் போடுவோம்."

அம்மா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். டம்ளர் தண்ணீரை எடுத்து முழுதும் குடித்தார். பேப்பர் நாப்கினால் வாயைத் துடைத்து, இன்னொன்றை எடுத்து மறுபடி துடைத்தார். "பரவாயில்லைப்பா, தெரியாமத்தானே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்கு ஆறுதல் சொல்லும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். எழுபது வருடமாகக் காத்துவந்த ஒன்றை என் மேசையில் வைத்து உடைத்துவிட்டார்கள். நான்தான் போன் செய்து கேட்டேன். நான்தான் "பயப்படாம சாப்பிடும்மா" என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

மேனேஜர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் மனதில் தங்கிவிட்டது: "வெஜ் என்றால் பீஸ் இருக்காது சார்." துண்டு இல்லாவிட்டால் சைவம் என்பது அவருடைய கணக்கு. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவராகத் தெரியவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே சைவம்தான். அந்த பட் தாய்க்கு மட்டும் பணம் வாங்கவில்லை. மற்றதற்குக் கொடுத்துவிட்டு வந்தோம். மகள் ஆசைப்பட்டதால் நடுவில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் வந்திருந்தது. அரிசி பிரிட்ஜில் இருந்து எடுத்தது, விறைத்துப் போய்க் கரண்டி இறங்கவில்லை. ஒட்டரிசி குளிர்ந்தால் அப்படித்தான் ஆகும். அன்றன்று வேகவைத்துச் சூடு இருக்கும்போதே தேங்காய்ப்பால் கலந்து வைப்பதுதான் முறை, பிரிட்ஜ் அதற்கு எதிரி. மகளும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அந்த மேனேஜருக்கு போன் செய்தேன். சண்டைக்காக இல்லை. இரவு முழுக்க ஒரே கேள்வி குடைந்துகொண்டிருந்தது: அம்மா பச்சைக் குழம்பும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாரே, அதில் என்ன இருந்தது? அவர் சமையலறையில் கேட்டுச் சொன்னார். விழுது டப்பாவில் வாங்குவதாம். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தார். இறால் விழுது இருந்தது. தாய்லாந்துக் குழம்பு விழுதுகளில் பெரும்பாலும் 'கபி' என்கிற இறால் விழுது சேர்ந்தே அரைபட்டிருக்கும். சமைக்கும்போது சேர்ப்பது இல்லை என்பதால், "இதைப் போடாமல் செய்யுங்கள்" என்று சொன்னாலும் நீக்க முடியாது. "இதை மெனுவில் எழுதிவிடுங்களேன்" என்றேன். சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அதனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் சொல்கிறேன். "சைவம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். பொருளின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மீன் சாஸ் போடுவீர்களா, அதற்குப் பதில் சோயா சாஸ் போட முடியுமா? குழம்பு விழுதை இங்கேயே அரைக்கிறீர்களா, டப்பாவா, அதில் இறால் விழுது உண்டா? வதக்கும்போது ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பியில் செய்கிற சாஸ், ஊற்றுவீர்களா? சூப்புக்கு எந்தத் தண்ணீர், கோழி வேகவைத்ததா? பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் போடுவீர்களா? அதில் காய்ந்த இறாலை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், மீன் சாஸ் அப்படியே இருக்கும், அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றைப் பரிமாறுபவரிடம் கேட்டால் போதாது, சமைப்பவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். கூட்டம் இல்லாத மாலை நேரத்தில் முன்கூட்டியே போன் செய்தால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். இறால், மீன், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ருசிப் பிரச்சினையோ மனப் பிரச்சினையோ அல்ல, உயிர்ப் பிரச்சினை. அவர்கள் "ஒரு ஸ்பூன்தான்" என்ற பதிலைச் சாப்பிட்ட பிறகு கேட்கக்கூடாது.

தாய்லாந்துக்கே போகிறவர்கள் இரண்டு சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். 'மங்சவிரத்' என்றால் சைவம். மாம்சம், விரதி என்ற வடசொற்களில் இருந்து போனது, காதில் விழுந்ததும் நமக்கே புரியும். ஆனால் அதில் முட்டையும் பாலும் இருக்கலாம், மீன் சாஸைச் சிலர் கணக்கில் எடுப்பதில்லை. அதைவிட உறுதியான சொல் 'ஜே'. மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தோடு சின்னக் கொடி தொங்கும் கடைகள் அவை. தங்கை அங்கே இருந்தபோது அம்மா போய் வந்திருந்தால் அந்தக் கடைகளில் கவலையில்லாமல் சாப்பிட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

வெளிநாடுகளில் உள்ள உணவகங்களுக்குத் தாய்லாந்து வர்த்தக அமைச்சகம் 'தாய் செலக்ட்' என்று ஒரு சான்று கொடுக்கிறது. வாசலிலோ மெனுவிலோ அந்த முத்திரை இருந்தால் ருசியைப் பொறுத்தவரை கொஞ்சம் நம்பிப் போகலாம். சைவத்துக்கு அது பொறுப்பல்ல. அங்கேயும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மேசையில் நான்கு கிண்ணங்கள் கேட்டுப் பாருங்கள்: மிளகாய்த் தூள், சர்க்கரை, மிளகாய் போட்ட வினிகர், மிளகாய் போட்ட மீன் சாஸ். தாய்லாந்தில் நூடுல்ஸ் கடைக்குக் கடை இவை மேசையிலேயே இருக்கும், ஆளுக்கு வேண்டியபடி கலந்துகொள்வார்கள். ருசி கொஞ்சம் முன்பின் இருந்தால் இதை வைத்துச் சரிசெய்யலாம். எங்களுக்கு வந்த பச்சைக் குழம்பை எதை வைத்தும் சரிசெய்திருக்க முடியாது, அது வேறு.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டிலேயே செய்தாள். அம்மாவுக்காகத்தான். காலையிலேயே கல் உரலை எடுத்துக் கழுவி வைத்தாள். மல்லி விதை, சீரகம், வெள்ளை மிளகை வறுத்து முதலில் இடித்தாள். அதற்குப் பிறகு உப்போடு பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை. ஈரமான வெங்காயமும் பூண்டும் கடைசியில், முதலிலேயே போட்டால் நார் மசியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். இறால் விழுதுக்குப் பதிலாகப் புளிக்கவைத்த சோயா விழுது ஒரு ஸ்பூன். வட தாய்லாந்தில் 'துவா நாவ்' என்று சோயாவைப் புளிக்கவைத்து இதற்குப் பயன்படுத்துகிற பழக்கம் உண்டு, அதனால் இது முறை மாறிய செயலும் இல்லை. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் உப்பும்.

விழுதில் கொத்தமல்லி வேர் போட வேண்டும். இலையில்லை, தண்டில்லை, வேர். அம்மா அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். வேரை மண் போகச் சுரண்டிக் கழுவி உரலில் போட்டதும் எழுந்து வந்து குனிந்து முகர்ந்தார். "இத்தனை வருஷமா இதை வெட்டிக் குப்பையில போட்டுட்டேனே" என்றார். முதல் பாலில் எண்ணெய் பிரிந்து விழுது வதங்கும்போது வீடு முழுக்க வாசனை. குழம்பின் மேல் பச்சை எண்ணெய் வட்டங்கள் மிதந்தன. தங்கை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அம்மா சாப்பிடும் முன் ஒரு நிமிடம் தயங்கினார். எல்லாப் பாட்டில்களையும் எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படித்தார். அவசரப்படாமல் படித்தார், நாங்களும் காத்திருந்தோம். அப்புறம் கிண்ணத்தை நீட்டினார்.

இப்போதெல்லாம் கொத்தமல்லிக் கட்டு வாங்கினால் அம்மா வேர்களைத் தனியாக வெட்டிக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, ஒரு டப்பாவில் போட்டு பிரீசரில் வைக்கிறார். டப்பா பாதி நிறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வரச் சொல்லித் தங்கைக்கு நேற்று அவரே போன் செய்தார்.